லாக் ஃபைலை முழுசாக அனுப்பவும்

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஜனவரியில் பேங்கில் கொடுத்த டைரி ஏழு மாதமாகப் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே கிடந்தது. வீட்டில் பேச ஆள் இல்லாதவன் பேனாவிடமாவது பேசலாம் என்று இன்று பிரித்தேன்.

ரெனிலா பதினொன்றே காலுக்குக் கூப்பிட்டாள். கோயம்புத்தூரில் சர்ச் முடிந்து அவள் வீட்டுக்கு நடக்கிற நேரம்தான் எனக்கு ஒதுக்கப்பட்ட நேரம்.

"சாப்ட்டீங்களாப்பா?"

"சாப்ட்டேன். நீ?"

"இனிமேதான். காலேஜ் எப்படிப் போவுது?"

"போவுது. உனக்கு?"

"போவுது."

பிறகு வீடு வந்துவிடும், வீட்டில் அவள் அம்மா இருப்பாள், போன் வைக்கப்படும். நாலு நிமிஷம் பத்து விநாடி. நாலு வருஷமாக இதே வசனம். அப்போது பதினாலு வயசு, இப்போது பதினெட்டு. குரல் மட்டும் கொஞ்சம் தடித்திருக்கிறது.

மத்தியானம் ரசம் வைத்தேன். புளி கூடிவிட்டது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ரெனிலா ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு எழுதி இணையத்தில் போட்டிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. எனக்கு எப்படித் தெரிந்தது என்பது இங்கே முக்கியமில்லை.

சுடுகிற விளையாட்டு இல்லை. படக்கதை மாதிரி திரையில் ஓடும். நடுநடுவே நின்று, இதைச் செய்வாயா அதைச் செய்வாயா என்று கேட்கும். நாம் அழுத்துவதைப் பொறுத்துக் கதை திரும்பும். விஷுவல் நாவல் என்கிறார்கள். இது பேய்க்கதை. பெயர் 'நாலாவது தட்டு'. எழுதியவர் பெயர் 'வவ்வால்'. சின்ன வயசில் கட்டிலில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு புத்தகம் படிக்கிற பிள்ளை, வேறு என்ன பெயர் வைக்கும்!

விண்டோஸில் மட்டும்தான் ஓடுமாம். என் வீட்டில் இருபது வருஷமாக விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ்தான். பாளையங்கோட்டையில் நான் பார்த்துக்கொள்கிற காலேஜ் லேபில் அறுபது கம்ப்யூட்டரையும் லினக்ஸுக்கு மாற்றியவன் நான். பெற்ற மகள் விண்டோஸுக்கு மட்டும் விளையாட்டு செய்கிறாள். நல்ல வளர்ப்பு.

ஆகஸ்ட் 10, சனி

லினக்ஸில் விண்டோஸ் விளையாட்டை ஓட்ட ஒரு வழி உண்டு. வைன் என்று ஒரு மென்பொருள். விண்டோஸ் புரோகிராம் கேட்பதையெல்லாம் அதுவே நடுவில் நின்று லினக்ஸிடம் வாங்கிக் கொடுக்கும். கண்டிப்பான மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் ஓடுகிற மகன் மாதிரி.

முதல் தடவை கறுப்புத் திரை. இரண்டாம் தடவை படம் வந்தது, தமிழ் எழுத்து எல்லாம் கட்டம் கட்டமாக. ஃபாண்ட் போட்டேன். எழுத்து வந்தது, சத்தம் போனது. காலை பத்துக்கு உட்கார்ந்தவன் ஒன்றரை மணிக்கு எழுந்தேன். இட்லிப் பாத்திரம் அடிப்பிடித்துக் கரியாகிவிட்டது.

ஓடுகிறது. வேறு யாராவது இருந்தால் கூப்பிட்டுக் காட்டியிருப்பேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

மூன்று நிமிஷம் ஐம்பது. "வேற ஏதும் புதுசா?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லப்பா" என்றாள்.

ஆகஸ்ட் 15, வியாழன்

லீவு. 'விளக்கை அணைத்துவிட்டு ஹெட்போனுடன் விளையாடவும்' என்று முதல் திரையே எச்சரிக்கிறது. பகல் பதினோரு மணி, பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடுகிறது. இதில் என்ன பேய் வந்துவிடப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

ஒரு வீடு. அம்மா, மகள், குட்டித் தம்பி. மகள்தான் நாம். அப்பா கதையிலேயே இல்லை, செத்திருக்க வேண்டும். தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு அம்மா மூன்று பேருக்கு நாலு தட்டு வைக்கிறாள். நாலாவது தட்டு 'அது'வுக்கு. அதை யாரும் பார்த்ததில்லை. ஆனால் அந்த வீட்டில் நடப்பது எல்லாம் அதற்குத் தெரியும். மகள் தம்பி காதில் ஒன்று சொல்கிறாள், மறுநாள் அதற்குத் தெரிந்துவிடுகிறது. ஒவ்வொரு இடத்திலும் நமக்கு ஒரே கேள்விதான்: சொல்லிவிடுவாயா, மறைப்பாயா?

மறைத்தேன். பன்னிரண்டே நிமிஷத்தில் செத்துப்போனேன். திரும்ப ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அது இன்னும் பெரிதாக வளர்ந்து தம்பியை எடுத்துக்கொண்டது.

உள்ளபடிக்கே பயந்துவிட்டேன். என் பிள்ளை இதை எழுதியிருக்கிறாள் என்று நெஞ்சு நிறைந்துவிட்டது.

விளையாட்டின் பக்கத்தில் கீழே கருத்து எழுதலாம். பெயர் கேட்டது. தட்டில் உப்புமா இருந்தது, உப்புமா என்றே கொடுத்தேன். லினக்ஸில் எப்படி ஓட்டினேன் என்று படிப்படியாக எழுதி, 'சொன்னாலும் சாவு, சொல்லாவிட்டாலும் சாவு என்றால் தேர்வு எதற்கு?' என்று ஒரு குத்தும் வைத்தேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

பதில் வந்திருக்கிறது. பதினோரு வரி. எண்ணிப் பார்த்தேன்.

'ஐயோ லினக்ஸ்ல ஓடிச்சா! நான் டெஸ்ட் கூட பண்ணல. ரொம்ப தேங்க்ஸ். நீங்க அண்ணாவா அக்காவா?' என்று ஆரம்பித்து, தேர்வு எதற்கு என்ற கேள்விக்கு, 'அந்த மாதிரி வீட்ல இருந்தவங்களுக்கு அது கேள்வியாவே தோணாது' என்று முடித்திருந்தாள்.

அண்ணா என்று போட்டேன். நாற்பத்தேழு வயசில் மகளுக்கு அண்ணனானவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

இந்த வாரம் தினமும் பேச்சுதான். கருத்துப் பகுதியிலிருந்து தனிச் செய்திக்கு வந்துவிட்டோம். வரைவதெல்லாம் அவளே, பாட்டும் சத்தமும் மட்டும் ஒரு தோழி. கீறல் சத்தத்துக்கு ரஸ்க்கை மைக்கில் உரசினார்களாம். அதைப் படித்துவிட்டு லேபில் தனியாகச் சிரித்தேன். பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

'அது ஏன் ஒட்டுக்கேட்கிறது? காரணம் இல்லாத பேய் எனக்குப் பிடிக்காது' என்று கேட்டிருந்தேன். இன்று பதில்:

'அதுக்குப் பயம்ணா. எல்லாரும் தன்னை விட்டுப் போயிருவாங்களோன்னு. அதனால எல்லாத்தையும் தெரிஞ்சு வச்சுக்குது. அதனாலயே எல்லாரும் போயிடறாங்க.'

நல்ல எழுத்து. பதினெட்டு வயசுக்கு ரொம்ப நல்ல எழுத்து.

ஆகஸ்ட் 24, சனி

மூன்றாம் அத்தியாயம். காலையில் மகள் சாப்பிட உட்காருகிறாள். தட்டுக்குப் பக்கத்தில் ஒரு காகிதம். முந்தின நாள் வீட்டில் யார் யார் என்னென்ன செய்தார்கள் என்று மணி வாரியாகப் பட்டியல். அம்மா அதைப் படித்துவிட்டு எதுவும் பேசாமல் சோறு பரிமாறுகிறாள். அவ்வளவுதான் காட்சி. பேய் வரவே இல்லை.

அதற்குமேல் விளையாடவில்லை. துணி ஊறப்போட்டிருந்தது, அலசப் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

நாலு நிமிஷம்.

அந்தக் காகிதம் பற்றி எழுதிவிடுகிறேன். வீட்டு ரவுட்டரில் யார் எந்தப் பக்கத்துக்குப் போகிறார்கள் என்று பதிவாகும்படி வைத்திருந்தேன். என் தொழில் அது. லேபில் செய்வதைத்தான் வீட்டிலும் செய்தேன், பாதுகாப்புக்காக. ஒரே ஒரு தடவை அந்தப் பட்டியலைப் பிரிண்ட் எடுத்து சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். செல்வராணி கோயம்புத்தூரில் வாடகை வீடு தேடியிருந்தாள். என்னிடம் சொல்லாமல். என் மனைவி என்னிடம் சொல்லாமல் வீடு தேடினால் நான் கேட்க மாட்டேனா?

அவள் எதுவும் பேசவில்லை. எனக்குச் சோறு போட்டாள். அடுத்த மாதம் இருவரும் போய்விட்டார்கள். ரெனிலாவும் அன்றைக்கு மேஜையில்தான் இருந்தாள். அவள் மறந்திருப்பாள் என்று நினைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 29, வியாழன்

வவ்வால் எழுதியிருக்கிறாள்: 'அண்ணா, கடைசி அத்தியாயம் முடிக்கப்போறேன். உங்களுக்காகவே லினக்ஸ்லயும் போடறேன். நீங்கதான் முதல்ல டெஸ்ட் பண்ணணும். எங்க அப்பாவும் லினக்ஸ்தான், தெரியுமா.'

'அப்பாவிடம் காட்டினீர்களா?' என்று கேட்டேன்.

'இல்லண்ணா. அவரு விளையாட மாட்டாரு. உள்ள இருக்கற ஃபைலைத் திறந்து பாத்துருவாரு.'

ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டிருந்தாள். நானும் ஒன்று போட்டேன்.

ஆகஸ்ட் 31, சனி

இதை எழுதலாமா என்று யோசித்தேன். நேற்று அவள் கேட்டாள்: 'அக்டோபர்ல பூஜை லீவு பத்து நாள். அப்பா வீட்டுக்குப் போலாமான்னு யோசிக்கறேன். நாலு வருஷமா போகல. பயமா இருக்கு. திட்டறவரு அடிக்கறவரு எல்லாம் இல்ல. ஆனா நான் எது சொன்னாலும் அவருக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும். தெரியாத மாதிரி முகத்தை வச்சுக்குவாரு. அதான் பயம்.'

உப்புமா அண்ணன் எழுதிய பதில்: 'போய்ப் பாருங்க. வயசானா அப்பாக்கள் மாறுவாங்க.'

பொதுவாக எல்லா அப்பாவுக்கும் பொருந்துகிற உண்மையைத்தானே சொன்னேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

"அப்பா, பூச லீவுக்கு அங்க வரட்டா?"

"வாயேன்" என்றேன். ஆச்சரியப்படுகிற மாதிரி ஒரு நொடி தாமதித்துத்தான் சொன்னேன்.

"அம்மாட்ட கேட்டுட்டேன். சரின்னுட்டாங்க. ஒங்களுக்கு ஒண்ணும் தொந்தரவு இல்லயே?"

"எனக்கென்னட்டி தொந்தரவு. நான் ஒத்தக் கட்டை."

ஒன்பது நிமிஷம். நாலு வருஷத்தில் இதுதான் அதிகம்.

செப்டம்பர் 7, சனி

அவள் அறையை ஒழித்தேன். பழைய மானிட்டர் ஏழு, கீபோர்ட் பதினாலு, எதற்கென்றே தெரியாத ஒயர் ஒரு மூட்டை. மனுஷப் பிள்ளை தங்குகிற இடமாகவே இல்லை. புதுத் தலையணை வாங்கினேன். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தேன், சுத்தியல் கட்டைவிரலில் பட்டு நகம் கறுத்துவிட்டது. அறை இப்போது மோசமில்லை.

செப்டம்பர் 11, புதன்

காலையில் கடைசி அத்தியாயம் வந்திருந்தது. 'அண்ணா, உலகத்துலயே நீங்கதான் முதல் ஆள்.'

மத்தியான இடைவேளையில் லேபைப் பூட்டிக்கொண்டு காலேஜ் கொடுத்த மடிக்கணினியில் ஓட்டினேன். மகள் கடைசியில் நாலாவது தட்டின் முன்னால் நின்று, 'உன் முகத்தைக் காட்டு' என்று சொல்கிறாள். இரண்டு பொத்தான். பார். பார்க்காதே. பார் என்பதை அழுத்தினேன். விளையாட்டு நின்றுபோய்ப் பிழைச் செய்தி வந்தது.

என் லேப் கதவில் பத்து வருஷமாக ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கிறது: 'பிழை வந்தால் லாக் ஃபைலை முழுசாக அனுப்பவும். நறுக்கி அனுப்பாதீர்.' பிள்ளைகள் நாலு வரியை மட்டும் வெட்டி அனுப்பினால் எனக்குக் கோபம் வரும். எங்கே, எப்போது, எந்த மெஷினில் என்ன நடந்தது என்று அந்தக் கோப்பில்தான் எல்லாம் இருக்கும். அதே பழக்கத்தில் முழுசாகக் காப்பி எடுத்து, ஒட்டி, அனுப்பிவிட்டேன். மணி அடித்தது, வகுப்புக்குக் கதவைத் திறந்துவிட்டேன்.

பிறகு மூன்று மணிக்குத்தான் உட்கார்ந்து அதைப் படித்தேன்.

பிழை சின்னதுதான். 'அது'வின் முகத்துக்கான படத்தை அவள் விளையாட்டின் கோப்புகளோடு சேர்க்க மறந்துவிட்டாள். எந்தப் படம் காணவில்லை என்று அதன் பெயரை லாக் சொல்கிறது. திரையில் விளையாடுகிறவர்கள் யாருக்கும் தெரியாத பெயர், அவள் தனக்காக வைத்துக்கொண்ட பெயர். appa.png.

எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. ஒரு பையன் "சார், நெட் வரல" என்றான். "வரும், உக்காரு" என்றேன்.

அதற்கப்புறம்தான் மேலே பார்த்தேன். விளையாட்டு எந்த மெஷினில், யாருடைய ஃபோல்டரிலிருந்து ஓடியது என்று அதே கோப்பின் தலையில் முதல் வரியிலேயே எழுதியிருந்தது. jebasingh. மெஷின் பெயர் palai-lab.

ஜெபசிங் என்று ஊரில் ஆயிரம் பேர் இருக்கலாம். பாளையங்கோட்டை லேபில் ஒருவன்தான்.

செய்தியை அழிக்கப் போனேன். பார்த்துவிட்டாள் என்று காட்டியது.

செப்டம்பர் 12, வியாழன்

பதில் இல்லை.

செப்டம்பர் 13, வெள்ளி

இல்லை. தலையணை உறை துவைத்தேன், அது புதுசுதான்.

அந்தக் கதையில் அப்பா செத்துப்போயிருப்பார் என்று ஆகஸ்டில் எழுதியிருக்கிறேன். நாலு தட்டையும் எண்ணிப் பார்த்தவனுக்கு நாலாவது யாருடையது என்று தெரியவில்லை. அழுகை வந்தது. யாரும் பார்க்கவில்லை என்பதால் அழுதேன்.

செப்டம்பர் 14, சனி

சாயங்காலம் நாலு மணிக்கு அவளே கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை இல்லாத ஒரு நாளில் அவள் பெயர் போனில் வந்து எத்தனை காலம் ஆயிற்று. பேசினதை அப்படியே எழுதுகிறேன்.

"உப்புமா நீங்கதானேப்பா?"

"ஆமா."

பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. எங்கேயோ ரோட்டோரம் நிற்கிறாள்.

"என் கேம் ஒங்களுக்கு எப்படிக் கெடச்சுது? பொய் சொல்லாதீங்க."

மூன்று நாளாக ஒரு பதில் தயார் செய்து வைத்திருந்தேன். லேபில் ஒரு மாணவன் காட்டினான் என்று. அந்த மாணவனுக்குப் பெயர்கூட யோசித்துவிட்டேன். அவள் நம்பியிருப்பாள். லீவுக்கும் வந்திருப்பாள்.

"ஒன் மெயில்லயிருந்து" என்றேன்.

"எந்த மெயில்?"

"எட்டாங் கிளாஸ்ல நான் ஒனக்கு ஆரம்பிச்சுக் குடுத்தேன்லா. அது இங்க பழைய கம்ப்யூட்டர்லயும் தொறந்துதான் இருக்கு. நான் மூடவே இல்ல."

"நாலு வருஷமாவா?"

"ஆமா."

"மெயில் மட்டுமா?"

"மெயில் மட்டுந்தான்" என்றேன். என்னால் அப்படியே விட முடியவில்லை. "இல்ல. போட்டோவும். மேப்பும்."

"மேப்பா? நான் எங்க போறேன் வாரேன்னு பாத்தீங்களா?"

"காலேஜ்லயிருந்து நீ நல்லபடியா வீடு வந்துட்டியான்னு. அதுக்குத்தான்."

"கேட்டிருக்கலாம்லாப்பா. ஒரு போன் போட்டு வந்துட்டியான்னு கேட்டிருக்கலாம்லா. நீங்க ஒரு நாளாவது கேட்டீங்களா?"

கேட்டதில்லை. ஆறு மணிக்கு மேப்பில் புள்ளி வீட்டுக்கு வந்துவிடும், நான் ரசம் வைக்கப் போய்விடுவேன்.

"அந்தப் படத்துப் பேரப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"மாத்தணும்னு நெனச்சேன். மாத்தல" என்றாள். அழுகிறாளா என்று தெரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை.

"இப்ப பாஸ்வேர்ட மாத்துதேன். பழசு எனக்குத் தெரியாது, நீங்க வச்சதுதான். ஒங்க நம்பருக்குத்தான் கோட் அனுப்புவேங்குது. வந்ததும் சொல்லுங்க" என்றாள்.

வந்தது. ஆறு எண். இதை யாரிடமும் பகிர வேண்டாம் என்று கீழே எழுதியிருந்தது. ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் ஒவ்வொன்றையும் திரும்பச் சொன்னாள். ஐந்தாவது எண்ணை இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது, என் குரல்தான் சரியில்லை.

"போட்டுட்டேன். ஒங்க நம்பரையும் எடுத்துட்டேன்."

எதிரே பழைய கம்ப்யூட்டரில் அவளுடைய பக்கம் ஒரு தடவை சுழன்று மறைந்தது. பாஸ்வேர்ட் கேட்கும் வெள்ளைப் பெட்டி வந்து நின்றது.

"லீவுக்கு நான் வரலப்பா."

"சரிம்மா."

"சரி" என்று அவளும் சொல்லி வைத்துவிட்டாள். பதினாறு நிமிஷம்.

செப்டம்பர் 15, ஞாயிறு

கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டிருக்கலாம். எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

செப்டம்பர் 18, புதன்

ஆறு மணிக்குக் கை தானாகப் பழைய கம்ப்யூட்டரைப் போட்டது. வெள்ளைப் பெட்டி. அவள் வீடு வந்தாளா என்று தெரியாமல் ரசம் வைத்தேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். எட்டு மணிக்கு, 'வீட்டுக்கு வந்துட்டியா?' என்று செய்தி அனுப்பினேன்.

ஒன்பதரைக்கு, 'ம்' என்று வந்தது. மிச்ச ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

பதினொன்றே கால் போய்விட்டது. பதினொன்றரை. இன்று அவள் சர்ச்சுக்குப் போனாளா, மழையா, காய்ச்சலா, ஒன்றும் தெரியாது. பன்னிரண்டுக்கு நானே கூப்பிட்டேன். அடித்து முடிந்தது, எடுக்கவில்லை. அரிசியைக் கழுவி குக்கரில் போட்டேன்.

பன்னிரண்டு இருபதுக்குப் போன் வந்தது.

"சாப்ட்டீங்களாப்பா?"

"இனிமேதான். நீ?"

"இனிமேதான்."

வழக்கமாக இந்த இடத்தில் காலேஜ் எப்படிப் போகிறது என்று வரும். வரவில்லை. குக்கர் ஒரு விசில் அடித்தது. நான் எதுவும் கேட்கவில்லை.

"அப்பா, ஒண்ணு நடந்துச்சு" என்றாள்.

"என்னட்டி?" என்று கேட்டேன். சத்தியமாக எனக்குத் தெரியாது.